கடைசி முப்பது நாள்

காலையில் விழித்ததும் அவன் போனைப் பார்த்தான். தவறிய அழைப்பு ஏதும் இல்லை. பல் துலக்கினான். அடுப்பில் பாலை வைத்து, பொங்கும் வரை பக்கத்திலேயே நின்றான். இரண்டு டம்ளரில் காபி கலந்தான். ஒன்றைத் தட்டால் மூடி மேஜைமேல் வைத்தான். மற்றதை நின்றபடியே குடித்தான். குப்பைப் பையை முடிச்சுப் போட்டு வாசலில் வைத்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். முதுகுப் பக்கத்தை விட்டுவிட்டான். நாற்காலியில் சாய்ந்தால் கசங்கத்தான் போகிறது. குளிக்கப் போகும்போது போனை ஒரு பாலித்தீன் உறையில் போட்டு எடுத்துப்போனான். சோப்புப் பலகையில், திரை மேலே தெரியும்படி வைத்தான்.

எங்கே வைத்தாலும் திரை மேலே தெரிய வேண்டும். இரண்டு மாதமாக அப்படித்தான். மனைவி போன பிறகு வந்த பழக்கம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

தலை துவட்டும்போது போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தான். இந்த நேரத்தில் அத்தைதான். மனைவியின் அம்மா.

“சின்னவன் எந்திரிச்சானா?”

“எந்திரிச்சுட்டான் அத்தை.”

“பொய். தூங்குறான். எனக்குத் தெரியாதா அவனை. வெறும் வயித்தோட அனுப்பிடாத. நீயும் ரெண்டு வாய் போட்டுக்கோ. போட்டோல பாத்தேன், சட்டை உன்னைப் போட்டிருக்கு.”

“சரி அத்தை.”

“உன்னைத் தொந்தரவு பண்றேன்னு நினைக்காத. அவ கடைசியா வாயைத் திறந்து கேட்டது அது ஒண்ணுதானே. தம்பியைப் பாத்துக்கன்னு.”

“ஆமா அத்தை.”

அவள் அப்படிச் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே அவளுக்கு நினைவு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் யாரிடமும் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனால் அத்தை தாழ்வாரத்தில் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, கடைசியாக என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்று கேட்டபோது, வாயில் வந்ததை அவன் சொல்லிவிட்டான். அந்தப் பொய் இப்போது உறவு முழுக்கப் பரவிவிட்டது. வருகிறவர்கள் எல்லோரும் அதையே சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவள் தம்பி சின்னவன் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பெட்டியோடு இந்த வீட்டுக்கே குடிவந்துவிட்டான். யார் யாரைப் பார்த்துக்கொள்வது என்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

சின்னவன் தலையைச் சொறிந்துகொண்டே வந்து உட்கார்ந்தான். தட்டைத் தூக்கிக் காபியில் ஒரு வாய் குடித்தான். முகம் கோணியது.

“மாமா, சக்கரைன்னு ஒரு பொருள் இருக்கு. வெள்ளையா இருக்கும். கேள்விப்பட்டிருக்கீங்களா?”

“மறந்துட்டேன்.”

“நேத்தும் மறந்தீங்க. பரவால்ல, எனக்கும் பழகிடுச்சு. நாளைக்கு நீங்க சக்கரை போட்டா துப்பிடுவேன் போல.” அவனே எழுந்து போய் டப்பாவைத் தேடினான். “இன்னிக்கு வால்வு ரூம்ல ஆயில் வடிக்கணும். ஃபோர்மன் அண்ணன் என்னைத்தான் உள்ள போகச் சொல்லிருக்காரு. தனியா. இதை ஒழுங்கா முடிச்சா கிரேடு ஏத்த எழுதிக் குடுக்குறேன்னாரு.”

“அவரும் வரலாமில்ல?”

“அவர் கதவுகிட்ட நிப்பாரு. ஒருத்தர் உள்ள, ஒருத்தர் வெளிய. அதான் முறை.” கரண்டியால் கலக்கினான். “ஏன், பயமா? நீங்க பயப்பட வேண்டிய ஆளே இல்ல மாமா. நீங்க திரையில காட்டுற கேஸ் கோட்டைப் பாத்துட்டுத்தானே இன்ஜினியர் சார் கையெழுத்தே போடுறாரு. அப்படியே தரையோட படுத்துக் கிடக்குதாம். பச்சப்புள்ள தூங்குற மாதிரின்னு சொன்னாரு.”

கோடு தரையில் இருப்பது நல்லதுதான். இரண்டு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தான்.

இருவருக்கும் வேலை ஒரே வளாகத்தில். பெரிய குளிர்கிடங்கு அது. காய், பழம், மீன், மருந்து என்று கெட்டுப்போகக்கூடியது எல்லாம் அங்கே வரும், கொஞ்ச நாள் இருக்கும், போகும். கம்ப்ரஸர்களும் குழாய்களும் வளாகத்தின் ஒரு கோடியில். சின்னவனுக்கு அங்கே வேலை. மறு கோடியில் அலுவலகம், இரண்டாவது மாடி, அங்கே இவனுக்கு. நடுவில் லாரிகள் திரும்பும் முற்றம். குழாய்களில் ஓடுவது அம்மோனியா. குழாய்க்குள் இருக்கும்வரை அது கிடங்கைக் குளிர வைக்கும். வெளியே வந்தால் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். நிறைய வந்தால் ஆளை முடித்துவிடும்.

இவன் வேலையில் ஆபத்து கிடையாது. கிடங்கில் அளக்கப்படும் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வரைபடங்களாகக் காட்டுவதுதான் வேலை. மின்சாரச் செலவு, வந்த சரக்கு, போன சரக்கு, ஒவ்வோர் அறையின் குளிர், வால்வு அறைக் காற்றில் அம்மோனியா எவ்வளவு. பக்கத்தின் உச்சியில் ஒரு தேதிப் பெட்டி. அதை ஃபில்டர் என்பார்கள். அதில் எந்த நாளைப் போட்டாலும் கீழே எல்லாப் படங்களும் அந்த நாளுக்கு மாறிக்கொள்ளும். மாறக் கூடாத படங்களும் உண்டு. அதற்காக ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு சுவிட்சு இருக்கிறது. அது போட்டிருந்தால் படம் மேலே உள்ள தேதியின் பேச்சைக் கேட்கும். அணைத்துவிட்டால் கேட்காது. கேட்காத படத்துக்குத் தனியாக ஒரு தேதி சொல்லிவைக்க வேண்டும்.

வால்வு அறைப் படத்துக்குத்தான் அப்படிச் செய்யச் சொல்லியிருந்தார்கள். இரண்டு மாதத்துக்கு முன், ஒரு பதினேழாம் தேதி, மதியக் கூட்டத்தில். ஜி.எம். திரையைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார். “மேல இன்னிக்கித் தேதியைப் போட்டா எல்லாப் படமும் ஒத்தப் புள்ளியா சுருங்கிடுது. கேஸ் ஏறுதா இறங்குதான்னு ஒத்தப் புள்ளியை வெச்சு நான் என்ன ஜோசியமா பாக்குறது? அது மட்டும் எப்பவும் கடைசி முப்பது நாளைக் காட்டணும்.” சரி சார் என்று இவன் குறித்துக்கொண்டான். மேஜைமேல் கவிழ்ந்து கிடந்த போன் அதிர்ந்து நின்றது. மறுபடியும் அதிர்ந்தது. ஜி.எம். இன்னும் முடிக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு அவன் திருப்பி அழைத்தபோது, மனைவியின் போனை வேறு யாரோ எடுத்தார்கள்.

சில நாள் கழித்து வேலைக்குத் திரும்பிய அன்றே குறிப்பைப் பார்த்து அந்த மாற்றத்தைச் செய்தான். செய்தது ஞாபகம் இருக்கிறது. எப்படிச் செய்தான் என்பது ஞாபகம் இல்லை. அந்த வாரத்தில் செய்த எதுவுமே அவனுக்கு ஞாபகம் இல்லை.

அலுவலகத்தில் பக்கத்து நாற்காலி ஸ்லைடு அக்காவுடையது. கணக்குப் பிரிவில் மூத்தவர். மாதாந்தரக் கூட்டத்துக்கு ஸ்லைடு செய்வது அவர் பொறுப்பு என்பதால் அந்தப் பெயர். அவர் வேலை செய்யும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வார். பக்கத்தில் இருப்பவர் பதில் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டாலும் கோபிக்க மாட்டார். இவனுக்கு அது வசதியாக இருந்தது.

“இதென்னடா கூத்து,” என்றார் அன்று. “போன மாசத்துப் படத்தையே திருப்பி ஒட்டிட்டேன் போல. வயசாயிடுச்சு.” கொஞ்சம் தட்டினார். “இல்லியே. இப்பதானே எடுத்தேன். தம்பி, இங்க கொஞ்சம் பாரேன். இது போன மாசம். இது இந்த மாசம். அச்சு அசல் ரெண்டும் ஒண்ணு. இந்த எடத்துல ஒரு சின்ன மேடு இருக்கு பாரு, அதுகூட அதே எடத்துல.”

அவன் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்ப் பார்த்தான்.

வால்வு அறைப் படம். தலைப்பு, கடைசி முப்பது நாள். தரையோடு ஒட்டிய கோடு, நடுவில் எறும்புப் புற்று அளவுக்கு ஒரு மேடு. இரண்டிலும் அதே இடத்தில்.

“கேஸ் ஒரே மாதிரி இருக்கும் போல,” என்றான். எதுவும் அவ்வளவு ஒரே மாதிரி இருக்காது.

தன் இடத்துக்கு வந்து பக்கத்தைத் திறந்தான். படம் சிறியது என்பதால் கீழே தேதிகளைக் காட்ட வேண்டாம் என்று முன்பே மறைத்திருந்தான். கோட்டின் கடைசிப் புள்ளிமேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தால் ஒரு சின்னப் பெட்டி எழும்பி அந்தப் புள்ளியின் தேதியைச் சொல்லும். கொண்டுபோனான். முதல் தடவை தவறிப்போனது.

பெட்டி எழும்பியது. பதினேழாம் தேதி.

நேற்றைய பதினேழு அல்ல. போன மாதத்துப் பதினேழும் அல்ல.

படத்தின் பின்னால் போய்ப் பார்த்தான். சுவிட்சு அணைந்திருந்தது, அது சரிதான். அதன் கீழே இரண்டு வழிகள். ஒன்று, நாளோடு நகரும் தேதி: இன்றிலிருந்து முப்பது நாள் பின்னால். மற்றொன்று, நிலைத்த தேதி: இந்த நாள் முதல் இந்த நாள் வரை. அவன் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருந்தான். ‘வரை’ என்ற கட்டத்தில் அவளுடைய தேதி இருந்தது.

அந்த வாரம் முழுக்க அவன் தேதி என்று கண்ட கட்டத்தில் எல்லாம் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில், நகராட்சியில், வங்கியில், அவள் வேலை பார்த்த இடத்தில். விரல்களுக்கு வேறு தேதி தெரியாமல் போய்விட்டது. இங்கேயும் ஒரு கட்டம் தேதி கேட்டது. விரல்கள் எழுதிவிட்டன.

ஆக, இரண்டு மாதமாக இன்ஜினியர் தினமும் காலையில் பார்ப்பது அவள் உயிரோடிருந்த கடைசி முப்பது நாளை. அதற்குப் பிறகு அந்தப் படத்தில் நாள் நகரவே இல்லை.

அவன் முதல் வழிக்கு மாற்றினான். படம் ஒரு கணம் வெளுத்தது. மறுபடி வரைந்துகொண்டது. கோடு இடது ஓரத்திலேயே தரையை விட்டு எழும்பியிருந்தது. படிப்படியாக ஏறிப் போனது. கடைசிப் படி அலாரத்தின் சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

மெதுவாகக் கசிந்தால் அலாரம் அலறாது. அங்கே வேலை செய்பவர்களுக்கு மூக்கு மரத்துப்போயிருக்கும், வாசனையும் சொல்லாது. கோடுதான் சொல்லும். அதற்காகத்தான் இன்ஜினியர் ஒரு முறை வைத்திருந்தார். கோடு தரையில் இருந்தால் நம் ஆட்கள், சாதாரண மாஸ்க்கோடு. கோடு எழும்பியிருந்தால் வெளியிலிருந்து முதுகில் காற்று உருளை கட்டிய ஆட்கள்.

“என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?” என்றார் ஸ்லைடு அக்கா.

அவன் சின்னவனுக்கு அழைத்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இன்ஜினியருக்கு அழைத்தான். வேறொரு அழைப்பில் இருந்தார். மறுபடி சின்னவனுக்கு. எடு, எடு என்று அவன் உதடு முணுமுணுத்தது. அடிக்கும் மணியை இந்தப் பக்கத்திலிருந்து கேட்பது எப்படி இருக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

“அக்கா, இன்ஜினியர் சாருக்குப் போட்டுக்கிட்டே இருங்க. வால்வு ரூம் வேலையை நிறுத்தச் சொல்லுங்க. படம் தப்பு.”

“எந்தப் படம்?”

அவன் அதற்குள் கதவைத் தாண்டியிருந்தான்.

லிஃப்ட் கீழே நின்றது. காத்திருக்கவில்லை. படிகளில் இறங்கும்போது ஒரு திருப்பத்தில் கால் மடங்கி முட்டி சுவரில் இடித்தது. வலி தெரியவில்லை. முற்றத்துக்கு வந்தபோது ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அதன் பின்னாலேயே குறுக்கே ஓடினான். டிரைவர் தலையை நீட்டித் திட்டினார். “வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?” சரக்கு இறக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சட்டைப்பைக்குள் போன் அழைத்துக்கொண்டே இருந்தது. ஓடிக்கொண்டே அதை எடுத்துப் பார்த்தான். ஸ்லைடு அக்கா. இன்னும் இன்ஜினியர் கிடைக்கவில்லை என்று சொல்லத்தான் இருக்கும். எடுக்காமலிருக்க அவனால் முடியவில்லை.

“கிடைச்சாரா?”

“இல்லப்பா. என்ன ஆச்சுன்னு சொன்னாத்தானே…”

கம்ப்ரஸர் கொட்டகையை நெருங்க நெருங்க வேறெதுவும் காதில் விழாமல் போனது. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் உதடு அசைவதுதான் தெரியும். வால்வு அறையின் இரும்புக் கதவு மூடியிருந்தது. வெளியே ஃபோர்மன் அண்ணன் நின்றுகொண்டிருந்தார், தோளில் துண்டு, கையில் ஸ்பானர். கதவுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு மரப்பெட்டி. உள்ளே போகிறவர்கள் போனை அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பெட்டிக்குள் ஒரே ஒரு போன். திரையில் மாமா என்று இரண்டு தவறிய அழைப்புகள்.

“உள்ள…” என்றான். மூச்சு வாங்கியதில் அதற்கு மேல் வரவில்லை. கதவுப் பிடியில் கை வைத்தான்.

ஃபோர்மன் அண்ணன் அவன் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். “பைத்தியமா உனக்கு? மாஸ்க் இல்லாம எங்க போறே?”

“வெளிய கூப்பிடுங்க. கோடு பொய்ண்ணே.”

“என்ன கோடு?”

“கேஸ் கோடு. அது பழசு. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி உள்ளது. நிஜத்துல ஏறிக்கிட்டிருக்கு. எங்கேயோ கசியுது. கூப்பிடுங்கண்ணே.”

“இன்ஜினியர் காலைல பாத்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டாரு?”

“அவர் பாத்தது நான் பண்ண தப்பை!”

ஃபோர்மன் அண்ணன் அவன் முகத்தைப் பார்த்தார். அதற்கு மேல் கேட்கவில்லை. அறைக்குள் போகும் இரும்புக் குழாயில் ஸ்பானரால் மூன்று தட்டு தட்டினார். இடைவெளி விட்டு மறுபடி மூன்று. பேச்சு கேட்காத இடத்தில் அவர்களுக்கு அதுதான் பாஷை. மூன்று தட்டினால் போட்டது போட்டபடி வெளியே வா என்று பொருள். உள்ளே இருப்பவன் ஒரு தட்டுத் தட்டி வருகிறேன் என்று சொல்ல வேண்டும்.

பதில் தட்டு வரவில்லை.

மறுபடி மூன்று. ஃபோர்மன் அண்ணன் குழாயில் காதை வைத்தார். அவர் கண் கதவின் அடிப்பக்கம் போனது. இவனும் பார்த்தான். கதவிடுக்கில் பால் பொங்கி வழிகிறதுபோல வெள்ளையாக ஏதோ கசிந்து தரையில் பரவியது.

அப்போதுதான் அலாரம் அலறியது.

அதன் பிறகு நடந்ததை அவன் துண்டு துண்டாகத்தான் பார்த்தான். ஃபோர்மன் அண்ணன் சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அடித்தார். கம்ப்ரஸர்கள் ஒவ்வொன்றாக அடங்கின. மேலே பெரிய ஃபேன் உறுமத் தொடங்கியது. அவர் கண்ணாடிப் பெட்டியை உடைத்துக் காற்று உருளையைத் தோளில் மாட்டினார், முகமூடியை இழுத்துவிட்டார், கதவைத் திறந்தார். வெள்ளைப்புகை வெளியே வந்து இவன் முகத்தில் அறைந்தது. கண்ணில் மிளகாயைத் தேய்த்த மாதிரி இருந்தது. இருமிக்கொண்டே பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டான். கதவு மூடிக்கொண்டது.

இரைச்சல் நின்றுபோன கொட்டகை அவனை இன்னும் பயமுறுத்தியது. எங்கேயோ நீளமாக ஒரு சீறல் மட்டும். அதற்கு நடுவில் ஒரு தட்டு வருமா என்று குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். குழாய் ஜில்லென்று இருந்தது. அத்தைக்கு என்ன சொல்வது என்று ஓர் எண்ணம் வந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரம் வந்தது. மறுபடியும் ஒருவர் சட்டையைப் பிடித்துக் கேட்பார், கடைசியாக என்ன சொன்னான் என்று. காபியில் சர்க்கரை இல்லை என்று சொன்னான். அதைத்தான் சொல்ல வேண்டும். வேறொன்றும் இல்லை.

அவன் காதைக் குழாயில் அழுத்தினான்.

கதவு திறந்தது. ஃபோர்மன் அண்ணன் முதுகைக் காட்டியபடி வந்தார். இரண்டு கையாலும் ஓர் ஆளை அக்குளில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். ஆளின் கால்கள் தரையை உதைத்துக்கொண்டிருந்தன. உதைக்கிற கால் உயிருள்ள கால் என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“தண்ணி!” என்று கத்தினார் ஃபோர்மன் அண்ணன், முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு. “பாத்துக்கிட்டு நிக்கிறியே, தண்ணியைத் திற!”

கொட்டகைக்கு வெளியே அதற்கென்றே ஒரு ஷவர் இருந்தது. அவன் ஓடிப்போய்ச் சங்கிலியை இழுத்தான். சின்னவனைத் துணியோடு அதன் அடியில் உட்காரவைத்தார்கள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு இருமினான். ஓங்கரித்தான். மறுபடி இருமினான். அவன் தலையைப் பிடித்துத் தண்ணீருக்குக் காட்டிக்கொண்டே இவன் தானும் நனைந்தான்.

“ஆயில் வால்வுல கையை வைக்கவே இல்லண்ணே,” என்றான் சின்னவன், இருமலுக்கு நடுவில். “பக்கத்துல இருந்த நட்டுதான். சும்மா துடைக்கலாம்னு துணியை வெச்சேன், லூசா கையோட வந்துடுச்சு. புஸ்ஸுன்னு கிளம்புச்சு. நீங்க தட்டுனது அப்பதான். கேட்டதும் குப்புறப் படுத்துட்டேன். கதவு எந்தப் பக்கம்னே தெரியல. தட்டு வந்த பக்கமா நகர்ந்தேன்.”

“வாயை மூடு. மூச்சு விடு,” என்றார் ஃபோர்மன் அண்ணன்.

இன்ஜினியர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கையில் டேப்லெட். முகத்தில் ரத்தமில்லை. ஆள் பிழைத்தான் என்று பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் கோபம் வந்தது.

“காலைல தரையா இருந்த கோடு இப்ப மலையா நிக்குது. நான் குருடா? இல்ல, படத்துல யாராவது விளையாடுனீங்களா?”

“நான்தான் சார்,” என்றான் அவன். “அந்தப் படம் மேல உள்ள தேதியைக் கேக்காம இருக்கணும்னு ஜி.எம். சொன்னாரு. சுவிட்சை அணைச்சேன். தனியா ஒரு தேதி குடுக்கணும். நகர்ற தேதி குடுக்காம நிலையான தேதியைக் குடுத்துட்டேன். அதோட நின்னுடுச்சு.”

“ரெண்டு மாசமா?”

“ரெண்டு மாசமா.”

“நான் தினம் அதைப் பாத்து ஆளை உள்ள அனுப்பிட்டிருக்கேன்.” இன்ஜினியர் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். டேப்லெட்டை மடியில் கவிழ்த்தார், மறுபடி நிமிர்த்தினார். “என்ன தேதி போட்டே?”

அவன் சொன்னான்.

“ஏன் அந்தத் தேதி? மாசக் கடைசியும் இல்ல, வாரக் கடைசியும் இல்ல. நடுவுல எதுக்குப் பதினேழு?”

தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அவன் கையின் கீழ் சின்னவனின் தலை அசையாமல் நின்றது.

“மதியம் ஜி.எம். கூப்பிடுவாரு,” என்றார் இன்ஜினியர், எழுந்துகொண்டே. “என்ன நடந்துச்சோ அப்படியே சொல்லு. நானும் சொல்றேன். புள்ளியைத் தொட்டுத் தேதியைப் பாக்காதது என் தப்பு.” வெளியாட்களுக்குப் போன் செய்ய ஃபோர்மனை அழைத்துக்கொண்டு போனார்.

முதலுதவி அறையில் நர்ஸம்மா சின்னவனின் கண்களுக்கு ஈரப் பஞ்சு வைத்துக் கட்டினார். பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை, சாயங்காலம் வரை திறக்கக் கூடாது என்றார். நெஞ்சையும் கேட்டுப் பார்த்தார். டாக்டர் வருகிறார், அதுவரை எங்கேயும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

இருவரும் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அவன் போனைத் துடைத்துக் கட்டில் ஓரத்தில் வைத்தான். திரை மேலே தெரிந்தது. பிழைத்தாகிவிட்டது, இனி என்ன என்று தனக்குச் சொல்லிப் பார்த்தான்.

“பதினேழு,” என்றான் சின்னவன், கட்டிய கண்ணோடு.

“ம்.”

“நான் திட்ட மாட்டேன் மாமா. எனக்கும் ஒரு வாரம் நடு ரோட்ல நின்னாக்கூட ஹாரன் கேக்கல.” கொஞ்ச நேரம் இருமினான். “எப்படியோ ஓடி வந்துட்டீங்க. அக்காதான் ஓட வெச்சிருக்கா. தம்பியைப் பாத்துக்கன்னு சொல்லிட்டுப் போனாள்ல. அவ சொன்னா விட மாட்டா.”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். ஆனால் இன்று காலை ஒரு பொய்யான கோட்டை நம்பி இந்தப் பையன் உள்ளே போனான். இன்னொன்றையும் அவன் கையில் கொடுத்து அனுப்ப இவனுக்கு நெஞ்சு வரவில்லை.

“அவ அப்படிச் சொல்லல.”

சின்னவன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான்.

“ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப அவளுக்கு நினைவே இல்ல. அத்தை கேட்டாங்க. நான்தான் கட்டிச் சொன்னேன்.”

வெளியே ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. சின்னவனின் கை கட்டிலில் தடவித் தடவி வந்து இவன் மணிக்கட்டைப் பிடித்தது. அடிப்பதற்காகவோ என்று அவன் பார்த்தான். பிடித்துக்கொண்டே இருந்தது.

“அப்ப நிஜமா என்னதான் சொன்னா?”

அவன் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அன்று காலை அவள் வாசலில் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு மறு செருப்பைக் காலால் தேடிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாகத் தலைவலி. மாத்திரை போட்டும் போகவில்லை. நெற்றியை ஒரு கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். அவன் லேப்டாப்பில் இருந்தான், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. செருப்பு கிடைத்தது. கதவைத் திறந்தாள். பாதி வெளியே போய், திரும்பி எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

“மதியம் கூப்பிடுறேன். போனைக் கவுத்து வைக்காத.”